தொடங்குவது சுலபம்... இறக்குவதுதான் வைத்தியம்!

ஆறாத புண், விடாத ஸ்டீராய்டு, இரண்டு மாநிலங்கள் – பாலக்காடு, இடுக்கி எல்லையோர மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். விடிகாலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் ஒரு பெண்ணின் கெண்டைக்காலில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். அட்டை கடித்திருக்கும், இல்லையென்றால் குச்சி கீறியிருக்கும் என்று துடைத்துவிட்டு மலையேறுகிறார். மறுநாள் அது உடைகிறது. மூன்றாம் நாள் நாணயம் அளவு, ஒரே வாரத்தில் உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் கருநீலம் பாய்ந்து தடித்திருக்கிறது. சேலைத் துணி உரசினாலே உயிர் போகிற வலி. லயத்துப் பக்கத்து டிஸ்பென்சரியில் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள், கேட்கவில்லை. மலையிறங்கிப் போன ஆஸ்பத்திரியில் அழுகின சதையை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து புண் முன்னைவிட வேகமாகப் பரவுகிறது.

இது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. 'பையோடெர்மா கேங்கிரினோசம்' என்ற தோல் நோய் எந்த ஊரிலும் நடந்துகொள்ளும் விதம் இதுதான். சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் ஸ்டீராய்டு மாத்திரை சில நாளிலேயே வலியைக் குறைக்கும், பரவலையும் நிறுத்தும். சிக்கல் அதற்குப் பிறகுதான். புண் ஆற மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் ஸ்டீராய்டையே விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், காசநோய் தலைதூக்கும். ஸ்டீராய்டைக் குறைத்து, அதன் இடத்தில் வேறு மருந்தைக் கொண்டுவருவதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் தொடர் ரத்தப் பரிசோதனை வேண்டும், ஒரே மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். கேரள – தமிழ்நாட்டு எல்லையில் வாளையாரிலோ போடிமெட்டிலோ வாழ்கிறவருக்கு எட்டாமல் போவது இந்தக் கண்காணிப்புதான்.

கிருமி இல்லாத புண்

1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓ'லியரி மூவரும் ஐந்து நோயாளிகளை ஆராய்ந்து இந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். கிருமிதான் காரணம் என்று அன்று நினைத்தார்கள். உண்மையில் இது தொற்று அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. உடலைக் காக்க வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் காரணமில்லாமல் தோலுக்குள் குவிந்து, திசுவைக் கரைக்கின்றன. அதனால்தான் ஆன்டிபயாடிக் பயன்படுவதில்லை. சின்னக் கீறல், ஊசி குத்தியது, அறுவை சிகிச்சைத் தழும்பு எதுவும் புதுப் புண்ணைக் கிளப்பிவிடலாம். மருத்துவத்தில் இதை 'பேதர்ஜி' என்கிறார்கள். வெட்ட வெட்டப் புண் வளர்வதற்குக் காரணம் இதுவே.

அரிய நோய்தான். பிரிட்டனில் நடந்த கணக்கெடுப்பின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஆறு பேருக்கு வருகிறது. ஆனால் லேசான நோய் அல்ல. அதே ஆய்வில், இந்த நோய் வந்தவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பகுதியினருக்கு உள்ளே வேறொரு நோயும் இருக்கும். குடல் அழற்சி, முடக்குவாதம், ரத்தப் புற்றுநோய் ஆகியவை முக்கியமானவை. ஆகவே காலில் புண் என்று வந்தவரிடம் 'மலத்தில் ரத்தம் போகிறதா, மூட்டு வலிக்கிறதா?' என்றும் மருத்துவர் கேட்க வேண்டும்.

---
பெட்டிச் செய்தி 1: எப்போது சந்தேகப்பட வேண்டும்?

● கொப்புளமாகவோ கட்டியாகவோ தொடங்கி, நாலைந்து நாளில் உடைந்து புண்ணாவது
● கருநீல ஓரம். ஓரத்துக்கு அடியில் குழிவு
● புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி
● ஆன்டிபயாடிக் கொடுத்தும் வளர்ந்துகொண்டே போவது
● வெட்டிச் சுத்தம் செய்த பிறகு மேலும் பெரிதாவது
● ஆறிய இடத்தில் சல்லடை போன்ற தழும்பு

இவற்றில் சில இருந்தாலே தோல் மருத்துவரிடம் போக வேண்டும். புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்ஸி செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது.
---

எல்லாப் புண்ணும் இது அல்ல

2002-ல் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வு ஓர் எச்சரிக்கை மணி. அங்கே இந்த நோய் என்று முடிவு செய்யப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருந்தது வேறு நோய். ரத்தக்குழாய் அடைப்பு, புற்றுநோய், தொற்று எனப் பலவும் இதே வேடத்தில் வந்திருந்தன. அவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது பலன் தரவில்லை. சிலருக்குக் கெடுதலே செய்தது.

எல்லை மலைகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். தோட்ட வேலையில் முள்ளோ மரச் சிம்போ குத்தி உள்ளே போகும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று, புண்ணாகத்தான் வெளிப்படும். அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையிலும் கணுக்காலருகே ஆறாத புண் வரலாம். தொழுநோய், தோல் காசநோய், சர்க்கரைப் புண், நரம்புச் சுருட்டலால் வரும் புண் என்று பட்டியல் நீள்கிறது. பூஞ்சை, காசநோய் கல்ச்சர் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

உயிர் காத்த மருந்து, உடல் தின்னும் மருந்து

1948-ல் அதே மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டில், 1950-ல் ஹென்ச்சுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் நோபல் பரிசு. தோல் நோய்களில் ஸ்டீராய்டு காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. இந்தப் புண்ணிலும் முதல் மருந்து பெரும்பாலும் பிரெட்னிசலோன்தான். அதைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது அதன் நீண்ட காலப் பயன்பாட்டுக்கு. நம் எல்லையோரத்தில் அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – 'இண்டியாப்' ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம்; கேரளத்தில் 25.5 சதவீதம். நான்கு பேரில் ஒருவருக்கு ஏற்கெனவே நீரிழிவு இருக்கும் மாநிலத்தில், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் என்னவாகும்? புண்ணை ஆற்ற வந்த மருந்தே சர்க்கரையை ஏற்றிப் புண்ணை ஆறவிடாமல் செய்யும்.

இரண்டாவது, காசநோய். 2019–21 தேசிய காசநோய்க் கணக்கெடுப்பின்படி 15 வயதைக் கடந்த இந்தியர்களில் 31 சதவீதம் பேர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் எந்த மருந்தும் அதை எழுப்பிவிடலாம்.

மூன்றாவது, பலரும் நினைத்துப் பார்க்காதது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியே 'ஸ்ட்ராங்கிலாய்டஸ்' என்ற புழு உடலுக்குள் நுழையும். பல ஆண்டுகள் குடலில் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் உடல் முழுக்கப் பரவி உயிரையே குடித்துவிடும். தோட்டத் தொழிலாளிக்கும் வயல் வேலை செய்பவருக்கும் ஸ்டீராய்டு தொடங்கும்முன் இதற்குப் பரிசோதனையோ ஐவர்மெக்டின் மாத்திரையோ தேவையா என்று மருத்துவர் யோசிக்க வேண்டும்.

நான்காவது, திடீர் நிறுத்தம். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம், மரணம் வரை போகலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் போய், மூணாறு – மறையூர் சாலை துண்டானது. 2020 மே மாதம் கொரோனாவின்போது பாஸ் இல்லாதவர்கள் வாளையார் சோதனைச் சாவடியில் கூட்டம் கூட்டமாகத் தவித்துக் கிடந்தார்கள். மழையும் ஊரடங்கும் சாலையை மூடும் ஊரில், கையிருப்பு மாத்திரை தீர்ந்துபோவது வெறும் அசௌகரியம் அல்ல, உயிர் ஆபத்து.

மாற்று என்ன இருக்கிறது?

இந்த நோயில் மிக முக்கியமான ஒப்பீட்டு ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 'ஸ்டாப் கேப்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2015-ல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு பிரெட்னிசலோன். இன்னொரு பிரிவினருக்கு சைக்ளோஸ்போரின். ஆறு மாத முடிவில் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. அதாவது ஸ்டீராய்டு இல்லாமலே, அதே அளவு பலன். பக்கவிளைவு இரு பக்கமும் இருந்தது. ஆனால் தீவிரமான தொற்றுகள் ஸ்டீராய்டு பக்கத்தில்தான் அதிகம்.

இதிலிருந்து தோல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் தெளிவானது. மருந்தை நோய்க்குப் பார்த்துத் தருவதைவிட நோயாளிக்குப் பார்த்துத் தர வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு சைக்ளோஸ்போரின் நல்லது. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அது ஆகாது. இரண்டும் இருப்பவருக்கு மூன்றாவது வழி தேட வேண்டும். இன்னொரு உண்மையையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை: எந்த மருந்தைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் பாதிப் பேருக்குப் புண் முழுதாக ஆறவில்லை. பொறுமை தேவைப்படும் நோய் இது.

புண் சிறியதாக இருந்தால் மாத்திரையே வேண்டியிருக்காது. க்ளோபெட்டசால், டாக்ரோலிமஸ் போன்ற களிம்புகளை மருத்துவர் மேற்பார்வையில் தடவிய 66 பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வில், சுமார் 44 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஆறியது.

குடல் அழற்சியோடு சேர்ந்து வரும் புண்ணுக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஊசி பெரிய வரம். 2006-ல் 30 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு இரண்டே வாரத்தில் முன்னேற்றம். வெற்று ஊசி போட்டவர்களில் 6 சதவீதம்தான். இதே வகையைச் சேர்ந்த அடாலிமுமாப் மருந்துக்கு, இந்த நோய்க்கென்றே ஜப்பான் 2020-ல் அனுமதி தந்தது. விலைதான் மலைப்பு. ஆனால் உலகிலேயே முதன்முதலாக அடாலிமுமாபின் பயோசிமிலரை 2014-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது நம் நாட்டின் சைடஸ் நிறுவனம். எட்டாத மருந்து என்று எடுத்த எடுப்பிலேயே கைவிட வேண்டியதில்லை.

நம் நாடு தந்த இன்னொரு வழியும் உண்டு. 1980-களில் தில்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ்.பஸ்ரிச்சா, பெம்பிகஸ் என்ற கொப்புள நோய்க்கு 'பல்ஸ்' சிகிச்சையை வகுத்தார். தினமும் ஸ்டீராய்டு விழுங்குவதற்குப் பதில், 28 நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் டெக்சாமெத்தசோன் டிரிப். அதோடு ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடு. அரசு ஆஸ்பத்திரிகளில் எளியவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை அது. கடுமையான பையோடெர்மா கேங்கிரினோசத்திலும் இதைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். குழந்தைப்பேறு எதிர்பார்ப்பவர்களுக்கு சைக்ளோபாஸ்பமைடு ஆகாது என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

---
பெட்டிச் செய்தி 2: மருந்தும் அதற்குரிய காவலும்

சைக்ளோஸ்போரின்: ரத்த அழுத்தம், கிரியேட்டினின் அடிக்கடி பார்க்க வேண்டும். கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, சிறுநீரகம் கெடும்.

டாப்சோன்: தொழுநோய்க்கான பழைய, விலை குறைந்த மாத்திரை. தொடங்கும்முன் ஜி6பி.டி. பரிசோதனை கட்டாயம். முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அசத்தியோப்ரின்: சிலருக்கு மரபணுக் காரணத்தால் வெள்ளணுக்கள் திடீரென விழும். ஆசியர்களிடம் இதற்குக் காரணமான என்.யு.டி.டி.15 மரபணு மாற்றத்தை 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தலைமுடி கொத்தாகக் கொட்டினால் அதுவே அபாய அறிகுறி. தொடக்க வாரங்களில் ரத்த அணுப் பரிசோதனை தவறக் கூடாது.

மைக்கோஃபினோலேட்: கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். கருத்தடை உறுதியானால் மட்டுமே.

இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப்: காசநோய், மஞ்சள் காமாலை-பி பரிசோதனை முடிந்த பிறகே.
---

எல்லையில் மாட்டிக்கொள்ளும் நோயாளி

பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும். எந்த மாற்று மருந்துமே 'வாங்கிச் சாப்பிடு, மூன்று மாதம் கழித்து வா' ரகம் அல்ல. முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டுக்கோ அந்தக் கட்டாயம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தூரத்து நோயாளிகள் ஸ்டீராய்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வது சுலபமாக இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ரயில் பாதை இல்லை. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் இருப்பவர்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போவதையே வசதியாக நினைக்கிறார்கள். பைனாவில் உள்ள இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014-ல் தொடங்கி, அனுமதி இழந்து, 2022-ல்தான் மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் மக்களுக்கு கோவை கூப்பிடு தூரம். பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரியும் திருச்சூரும் மறுபுறம்.

ஆக, ஒரே புண்ணுக்கு மூன்று ஆஸ்பத்திரி, மூன்று சீட்டு. ஓரிடத்தில் பயாப்ஸி, இன்னோரிடத்தில் ஸ்டீராய்டு, மூன்றாவது இடத்தில் அறுவை மேஜை. முன்னவர் என்ன கொடுத்தார் என்று பின்னவருக்குத் தெரியாது.

பணத்தின் கணக்கு இன்னும் கடினம். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும், தமிழ்நாட்டின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் இவ்வகைக் காப்பீடு முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. இவற்றோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்துச் செலவுதான் சேரும். இந்தப் புண்ணுக்கோ ஆறேழு மாதம் மாத்திரையும் பரிசோதனையும் வேண்டும். படுத்தால் காசு உண்டு, நடமாடினால் இல்லை என்ற ஏற்பாடு, ஸ்டீராய்டைக் குறைக்கும் சிகிச்சைக்கு நேர் எதிரானது.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. ஆனால் டிஸ்பென்சரி என்பது காய்ச்சலுக்கும் காயத்துக்கும். ஆறு மாதம் ரத்த அணுவும் கிரியேட்டினினும் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை அங்கே யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தினக்கூலிக்காரர் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. எத்தனை மாதம் இழப்பார்?

அரசுகள் செய்யக் கூடியது

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. இருப்பதை இணைத்தால் போதும்.

இ-சஞ்ஜீவனி தொலைமருத்துவம் 2020 முதல் இரு மாநிலங்களிலும் நடக்கிறது. மருத்துவக் கல்லூரித் தோல் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்து மருந்து தொடங்கட்டும். அடுத்த பரிசோதனைகளை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையமே எடுத்து, முடிவைத் திரையில் காட்டட்டும். ரத்த அணு, கிரியேட்டினின், கல்லீரல், சர்க்கரை, ரத்த அழுத்தம் – இவற்றைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

இரு மாநிலக் காப்பீட்டிலும், அரிய தோல் நோய்களுக்கு வெளிநோயாளி மருந்தையும் பரிசோதனையையும் ஒரு தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். எல்லை மாவட்டங்களில் ஒரு மாநிலத்துச் சீட்டை மறு மாநில அரசு மருந்தகம் ஏற்க வழி செய்ய வேண்டும். தோட்ட டிஸ்பென்சரிகளில் ஒரே ஒரு எச்சரிக்கைத் தாளாவது ஒட்ட வேண்டும்: 'வளரும் புண்ணை வெட்டுவதற்கு முன் தோல் மருத்துவரைக் கேள்.'

வாசகர்களுக்கு...

வேகமாக வளரும், பொறுக்க முடியாமல் வலிக்கும் புண் வந்தால் காயப் பவுடர், மஞ்சள், மண்ணெண்ணெய் எதையும் அப்பாதீர்கள். வெட்டச் சொன்னால், 'பயாப்ஸி பார்த்தாச்சா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டீராய்டு எழுதினால், 'எப்போதிலிருந்து குறைப்பீங்க, கூடவே என்ன மருந்து தருவீங்க?' என்று அன்றைக்கே கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தவறாக நினைக்கும் நல்ல மருத்துவர் இல்லை.

எல்லாச் சீட்டுகளையும் பயாப்ஸி முடிவையும் ஒரே கோப்பில் வையுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது உங்களோடு வரட்டும். செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் பத்து நாள் மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள்.

இரு மாநில சுகாதாரத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, அதைக் கையாளத் தெரிந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். வேண்டியபோது ஒரு குப்பி ரத்தம் எடுத்துப் பார்க்க ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம் கொடுங்கள். எல்லைக்கோட்டில் வாழும் ஏழைத் தொழிலாளியின் காலையும் உயிரையும் காப்பாற்ற அது போதும்.